அம்மன் எடுத்துக் கொடுத்த நாலு ஜெட்

என் தங்கை புஷ்பவல்லியைக் கட்டினவர் பெயர் தம்புசாமி. முதலில் அவர் பெண் பார்க்க வந்தது என்னைத்தான். இதில் ஒளிக்க ஒன்றும் இல்லை. எங்கள் குடும்பத்தில் பேரப்பிள்ளைகளுக்குக்கூடத் தெரிந்த விஷயம்.

அவருடைய அம்மா இராஜம்மா எங்கள் அப்பாவுக்குச் சித்தப்பா மகள். டெங்கில் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவினவர். அந்த வழியில் தம்புசாமி எனக்கு அத்தை மகன் முறை. அறுபத்தஞ்சாம் வருஷம், செந்தூல் ரயில்வே பட்டறையில் ஃபிட்டர் வேலை நிரந்தரம் ஆன கையோடு வந்தார். காப்பி குடித்தார். என்னைப் பார்த்தார். சுவரில் இருந்த காலண்டரையும் அதே அளவு நேரம் பார்த்தார். "யோசிச்சுச் சொல்றேன் மாமா" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டுப் போனார்.

பதினாலு மாதம் யோசித்தார். அதற்குள் அப்பா என்னைக் கிள்ளான் துறைமுகத்தில் வேலை செய்தவருக்குக் கட்டிக் கொடுத்துவிட்டார். நான் மூத்தவனைப் பெற்றுப் பிள்ளையோடு அப்பா வீட்டில் இருந்தபோது தம்புசாமியின் கடுதாசி வந்தது. எல்லாம் யோசித்துப் பார்த்ததில் தனக்குச் சம்மதம் என்று எழுதியிருந்தார். அப்பா அதைப் படித்துவிட்டு மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, சின்னவள் இருக்கிறாள், வந்து பார்க்கச் சொல்லுங்கள் என்று ஆள் விட்டார்.

வந்தார். காப்பி குடித்தார். யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். புஷ்பவல்லி அடுப்பங்கரையில் இருந்தபடியே பதில் கொடுத்தாள்.

"தீபாவளிக்கு மொத நாள் சாயங்காலம் அஞ்சு மணி வரைக்கும் யோசிக்கட்டும். அஞ்சரைக்கு நாங்க வேற ஆள் பார்த்துக்கிறோம்."

தீபாவளிக்கு முதல் நாள் நாலே முக்காலுக்கு வந்து வாசலில் நின்றார். அன்றைக்கே அவரை எப்படி வைத்து ஓட்ட வேண்டும் என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது.

பயந்த மனுஷர் என்று நினைத்துவிடாதீர்கள். பயம் இல்லை. எந்தப் பொருளுக்கும் இரண்டு பக்கம் இருக்கிறது என்று நம்பினவர். இரண்டையும் அளக்காமல் கையை வைக்க மாட்டார். பட்டறையில் இது நல்ல குணம். அவர் கைபட்ட வேலை திரும்பி வந்ததில்லை என்று சொல்வார்கள். பாசாரில் இது நல்ல குணம் இல்லை. வெண்டிக்காய் வாங்க அனுப்பினால் ஒவ்வொன்றாக நுனி ஒடித்துப் பார்த்துக்கொண்டு நிற்பார். காய்கறிக்காரச் சீனர் அவரைக் கண்டதும் வெண்டிக்காய்க் கூடையை உள்ளே தள்ளிவிடுவார்.

இப்படிப்பட்டவர் வாழ்நாளில் ஒரு பொருளை மட்டும் யோசிக்காமல் வாங்கினார்.

எண்பத்தெட்டாம் வருஷம் பெட்டாலிங் ஜெயாவில் ஒரு ஏலம். வெள்ளைக்கார இஞ்சினியர் ஒருவர் ஊருக்குத் திரும்பும்போது விட்டுப் போன சாமான்கள். தம்புசாமி போனது ஒரு சுவர்க் கடிகாரம் வாங்க. அங்கே ஒரு மோட்டார் சைக்கிள் கிடந்தது. எழுநூற்றைம்பது சிசி, நாலு சிலிண்டர், ஜப்பான் வண்டி. வண்டி என்றால் சட்டமும் சக்கரமும்தான். இஞ்சின் தனியாகப் பிரித்துக் கிடந்தது, சின்னச் சாமான்கள் எல்லாம் பெரிய பிஸ்கோத்து டின் ஒன்றில். ஏலக்காரர் தொகையைச் சொன்னதும் தம்புசாமி கையைத் தூக்கினாராம். தன் கை தூக்கியிருப்பதைத் தானே அப்புறம்தான் பார்த்தாராம். இது அவர் சொன்னது.

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸில் அவர்கள் வீடு. வெளியே வைத்தால் களவு போகும் என்று வண்டி ஹாலுக்கு வந்தது. அது வந்த பிறகு ஹாலில் நாற்காலிக்கு இடம் இல்லை. விருந்தாளிகள் வண்டியைச் சுற்றி நின்று பேசிவிட்டுப் போவார்கள். புஷ்பவல்லி கைப்பிடியில் துண்டு காயப் போட்டாள். மகள் ரமணி சீட்டில் புத்தகம் வைத்துப் பரீட்சைக்குப் படித்தாள். நாலு வருஷம் ஆயுத பூஜைக்கு வண்டி பொட்டு வாங்கியது. ஒரு நாள்கூட ஓடவில்லை.

இஞ்சின் வேலையை அவர் முக்கால்வாசி முடித்துவிட்டார். நின்றது ஒரே ஒரு சாமானில். டின்னுக்குள் எல்லாம் இருந்தது, நாலு ஆயில் ஜெட் மட்டும் இல்லை.

அது என்ன என்று எனக்கு அவர்தான் விளக்கினார். சட்டைப் பொத்தானைவிடச் சின்னது. நடுவில் ஊசி நுழைகிற மாதிரி ஓட்டை. பிஸ்டனுக்குத் தலைக்கு மேலே நெருப்பு. அது சூட்டில் வீங்கி இறுகாமல் இருக்க, கீழே இருந்து இந்த ஓட்டை வழியாக எண்ணெயைப் பீச்சி ஆற்ற வேண்டும். நாலு பிஸ்டனுக்கு நாலு ஜெட். அவ்வளவுதான் விஷயம். "தோசைக்கல்லு சூடேறுனா தண்ணி தெளிப்பீங்கள்ல அண்ணி, அதையே அடியில இருந்து தெளிக்கிறது" என்றார். எனக்குப் புரிந்துவிட்டது.

பக்கத்து வீட்டில் கார்த்திகேசு என்று யாழ்ப்பாணத்துப் பெரியவர் இருந்தார். தலைமைக் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். ஜெட் கேட்டு சிங்கப்பூர் ஏஜெண்டுக்கு ஆங்கிலத்தில் கடிதம் எழுதிக் கொடுத்தார். மேலே ஃபைல் நம்பர் போட்டு, கீழே கோடு போட்டுக் கையெழுத்து வைத்து, ஒரு நகல் தன் அலமாரியில் வைத்துக்கொண்டார். ஏழு மாதம் கழித்து, பழைய இஞ்சின் ஒன்றிலிருந்து கழற்றிய நாலு ஜெட் பொட்டலமாக வந்தது.

அந்த ஏழு மாதத்தில் தம்புசாமி சும்மா இருக்கவில்லை. பட்டறை லேத்தில், வேலை முடிந்த நேரத்தில், பித்தளையில் தானே நாலு ஜெட் கடைந்துவிட்டார். ஆக மொத்தம் இரண்டு செட் ஆகிவிட்டது. அங்கேதான் பிடித்தது சனியன்.

கம்பெனி ஜெட்டில் ஓட்டை சின்னது. உள்ளே ஒரு குட்டிக் குண்டும் ஸ்பிரிங்கும் உண்டு. வண்டி வேகம் எடுத்தால்தான் அது திறந்து எண்ணெய் விடும். இவர் கடைந்ததில் ஓட்டை பெரியது, குண்டு கிடையாது, எப்போதும் பீச்சிக்கொண்டே இருக்கும். பெரிய ஓட்டை போட்டால் பிஸ்டன் நன்றாக ஆறும். ஆனால் சிக்னலில் நிற்கும்போதும் எண்ணெய் அங்கேயே கொட்டிப் போய், கிராங்க் பேரிங்குக்குப் போக வேண்டியது குறைந்துவிடும். சின்ன ஓட்டை போட்டால் பேரிங் தப்பிக்கும். நெடுந்தூரம் வெயிலில் போனால் பிஸ்டனுக்குப் போதுமா என்று சந்தேகம். ஒன்று நிற்பதற்கு நல்லது, ஒன்று ஓடுவதற்கு நல்லது. பிரிக்பீல்ட்ஸில் வண்டி நிற்கும். ஃபெடரல் ஹைவேயில் ஓடும்.

அவர் யோசித்தார். இரண்டு செட்டையும் சாமி மேடைக்குப் பக்கத்தில் இரண்டு கிண்ணத்தில் வைத்துக்கொண்டு யோசித்தார். கார்த்திகேசு, கம்பெனிக்காரன் எதைப் போட்டானோ அதைப் போடும் என்றார். பட்டறை நண்பர்கள் பெரிசைப் போடு என்றார்கள். இதற்கும் பதினாலு மாதம். என்னை யோசித்த அதே பதினாலு. நான்தான் விரல்விட்டு எண்ணிச் சொன்னேன். புஷ்பவல்லி சிரிக்கவில்லை.

தொண்ணூற்று மூன்றாம் வருஷம் தை மாதம் ரமணிக்கு வரன் வந்தது. பையன் பெயர் பாலன், செராஸில் வீடு, மின்சார வேலை. நல்ல இடம்தான். ஆனாலும் புஷ்பவல்லி எங்கள் அம்மா மாதிரி. பெரிய காரியம் எதுவானாலும் கோயிலில் பூக்கட்டிப் பார்க்காமல் வாய் திறக்க மாட்டாள். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம், அம்மன் காலடியில் வைத்துப் பூஜை செய்து, ஒன்றை எடுக்கச் சொல்வது. வெள்ளை வந்தால் அம்மன் சம்மதம்.

செந்தூல் பட்டறைக்குப் பின்னால் இருந்த சின்ன மாரியம்மன் கோயிலுக்குப் போனார்கள். நானும் கிள்ளானிலிருந்து போயிருந்தேன். வாசலில் பூக்கட்டும் வீரம்மாவைக் கூப்பிட்டு எடுக்கச் சொன்னார் பூசாரி. வீரம்மா கண்ணை மூடிக்கொண்டு எடுத்தாள். வெள்ளை. புஷ்பவல்லிக்குக் கண் கலங்கிவிட்டது. முந்தானையால் துடைத்துக்கொண்டு, அதே கையோடு கைப்பையைத் திறந்து இரண்டு கிண்ணத்தை எடுத்து வைத்தாள்.

"சாமி, இதுல எது நல்லதுன்னும் கேட்டுடுங்க."

தம்புசாமிக்கே தெரியாது அவள் எடுத்து வந்தது. பூசாரி குனிந்து பார்த்து இது என்னம்மா என்றார். மோட்டார் சைக்கிள் சாமான் என்றாள். அந்தக் கோயில் பூசாரி லாட்டரி நம்பரிலிருந்து மாட்டுக்குச் சினை பிடிக்குமா என்பது வரைக்கும் பூ வைத்துக் கேட்டுச் சொன்னவர்.  வெள்ளைப் பூ சின்னதுக்கா பெரிசுக்கா என்று மட்டும் கேட்டார். எதுக்குச் சுத்தி வளைச்சுக்கிட்டு, சாமானையே பொட்டலம் கட்டுங்க என்றாள் புஷ்பவல்லி.

கட்டினார். எட்டு ஜெட்டுக்கும் மோதிர விரலால் ஒவ்வொரு பொட்டு சந்தனம் வைத்தார். மேலே விபூதி போட்டார். இரண்டு பொட்டலத்தையும் அம்மன் காலடியில் வைத்துச் சூடம் காட்டினார். வீரம்மா மறுபடி கண்ணை மூடினாள். வந்தது சின்ன ஓட்டை.

தம்புசாமி கையில் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு நின்றதை நான் பார்த்தேன். தலையில் தூக்கி வந்த மூட்டையை யாரோ இறக்கி வைத்த மாதிரி இருந்தது முகம்.

வெளியே வந்து செருப்பு மாட்டும்போதே புஷ்பவல்லி கெடு சொல்லிவிட்டாள். ஆவணியில் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் வந்து உட்கார ஹால் வேண்டும்.

"இங்க பாருங்க. ஆனி முடியறதுக்குள்ள என்னைப் பின்னால உக்கார வச்சு கிள்ளானுக்குப் போகணும். அக்கா வீட்டுல நான் ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டு அதே வண்டியில திரும்பி வரணும். இல்லேன்னா பழைய இரும்புக்காரன்கிட்ட போட்டுருவேன். அம்மன் மேல ஆணை."

ஆணை வைத்துவிட்டாள் என்றால் அதோடு சரி. எங்கள் வீட்டில் அந்த வார்த்தையை யாரும் திருப்பி வாங்குவதில்லை. தம்புசாமிக்கு அது தெரியும். ஐந்து வருஷம் கட்டிய வண்டி, யோசிக்காமல் தூக்கிய ஒரே கை, எல்லாம் அந்த ஒரு வாய்த் தண்ணீரில் வந்து நின்றது.

அன்று வீட்டுக்குப் போய் அவர் செய்ததை எனக்குப் பின்னால் அவரே சொன்னார். அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்தச் சாமானையும், புதுசே ஆனாலும், மண்ணெண்ணெயில் மூன்று தரம் கழுவுவார். பிரஷ் போடுவார். சைக்கிள் பம்ப் வைத்துக் காற்று அடிப்பார். வெளிச்சத்தில் பிடித்து ஓட்டைக்குள் பார்ப்பார். முப்பது வருஷத்தில் இதை ஒரு தரம்கூட விட்டதில்லை. அன்றைக்கும் தட்டில் மண்ணெண்ணெய் ஊற்றி வைத்துக்கொண்டுதான் பொட்டலத்தைப் பிரித்தாராம். விபூதி வாசம் வந்தது. அம்மன் காலடியில் இருந்து வந்த பொருளை மண்ணெண்ணெயில் முக்குவதா என்று கை நின்றுவிட்டது. வாயால் ஊதலாம் என்றால் எச்சில் படும். கடைசியில் புதுத் துண்டு ஒன்றால் மேலாகத் துடைத்து, நாலையும் கண்ணில் ஒற்றிக்கொண்டு, மாட்டிவிட்டார்.

ஜூன் மாதம் இஞ்சின் சத்தம் கேட்டது. பிரிக்பீல்ட்ஸ் தெருக்களில் மெதுவாக ஓட்டிப் பழக்கினார். ஒரு குறையும் இல்லை. சிக்னலில் நின்றாலும் எண்ணெய் விளக்கு எரியவில்லை. கார்த்திகேசு வாசலில் நின்று தன் கடிதத்தின் நகலை எடுத்து ஒரு தரம் படித்துப் பார்த்துக்கொண்டார்.

ஜூலை பதினொன்று, ஞாயிற்றுக்கிழமை, கிளம்பினார்கள். நான் கோழி வாங்கிச் சமைத்து வைத்திருந்தேன். பத்து மணிக்கு வருவதாகப் பேச்சு. பத்தரை ஆயிற்று. பதினொன்றும் ஆயிற்று. எங்கள் வீட்டுக்காரர் வாசலில், அஞ்சடித் தாழ்வாரத்தில், பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பேப்பரை இறக்கிவிட்டு, "உன் தங்கச்சி வர்றா" என்றார். சத்தமே இல்லையே என்று வெளியே வந்து பார்த்தேன்.

தேங்காய் லோரி ஒன்று எங்கள் சந்துக்குள் மெல்ல நுழைந்தது. மேலே தேங்காய்க் குவியல். குவியலுக்கு மேலே மோட்டார் சைக்கிள். மோட்டார் சைக்கிளில், ஹெல்மெட் போட்டபடி, முன்னால் தம்புசாமி, பின்னால் பட்டுச் சேலையில் என் தங்கை. இருவரும் நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள்.

பத்து தீகா என்ற ஊரைத் தாண்டி, மோட்டார் சைக்கிள் பாதையில் வந்துகொண்டிருக்கும்போது, இஞ்சின் ஒரு இறுக்கு இறுக்கிக்கொண்டு நின்றுவிட்டதாம். மெயின் ரோட்டு ஓரம் வரை தள்ளி வந்திருக்கிறார்கள். லோரிக்காரர் நல்ல மனுஷர், ஏற்றிக்கொண்டார். கட்டக் கயிறு இல்லை. ஆள் மேலே உட்கார்ந்து காலை ஊன்றிக்கொண்டால்தான் வண்டி சாயாது என்றிருக்கிறார். ஒருவர் உட்கார்ந்தால் ஆடியது, இரண்டு பேர் உட்கார்ந்ததும் நின்றது. அப்படியே பாதி கிள்ளானைச் சுற்றி வந்திருக்கிறார்கள். கடைத்தெருவில் தெரிந்தவர்கள் கைகூடக் காட்டினார்களாம்.

புஷ்பவல்லி இறங்கினாள். ஹெல்மெட்டைக் கழற்றி என்னிடம் கொடுத்தாள். தண்ணீர் கேட்டாள். நின்றபடியே குடித்து முடித்து, சொம்பைக் கீழே வைத்தாள்.

"அக்கா, மேரு ரோட்டுல பழைய இரும்பு எடுக்கிற ஆள் இருக்கானா?"

இருக்கிறான் என்றேன். தம்புசாமி தேங்காய் நாரைச் சேலைக் கரையிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தார், அவள் சேலையிலிருந்து. நிமிரவில்லை.

அவர் கேட்டது ஒன்றுதான். கொடுத்துவிடலாம், ஆனால் எது கெட்டது என்று தெரியாமல் கொடுக்க முடியாது, ஒரு தரம் பிரித்துப் பார்க்க வேண்டும். இன்னும் நாலைந்து நாளில் ஆடி பிறக்கப் போகிறது, ஆடியில் எதையும் தொடங்கவும் வேண்டாம், முடிக்கவும் வேண்டாம் என்று நானும் சேர்ந்து சொன்னேன். சரி, ஆவணி பிறந்ததும் ஆளைக் கூப்பிடுங்கள் என்றாள். கோழிக் குழம்பைச் சாப்பிட்டுவிட்டு ரயிலில் போனார்கள்.

அடுத்த சனிக்கிழமை தம்புசாமி சாமான் பையும் பிஸ்கோத்து டின்னுமாக ரயிலில் வந்து இறங்கினார். எங்கள் அஞ்சடியில் பழைய பேப்பரை விரித்து இஞ்சினைப் பிரித்தார். அந்த வேலைக்கு மட்டும் யோசிப்பே கிடையாது, கை தானாகப் போகும். மூன்றாவது பிஸ்டன் ஒரு பக்கம் தேய்ந்து இழுத்திருந்தது. மற்ற மூன்றும் பளிச்சென்று இருந்தன. மூன்றாவது ஜெட்டைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தார். ஓட்டையே தெரியவில்லை. நான் காப்பியோடு பக்கத்தில் நின்றேன். அவர் என் பக்கம் நீட்டினார். ஓட்டை மஞ்சளாக அடைத்திருந்தது. சந்தனமும் விபூதியும் சேர்ந்து உள்ளே போய்க் காய்ந்து கல்லாகிவிட்டது.

 நான் நினைத்தேன், பரவாயில்லை, இனி இவர் கை வேலையில் குறை இல்லை என்று புஷ்பவல்லியிடம் சொல்லிவிடலாம், அவளும் இறங்கி வருவாள். அப்படிச் சொன்னேன். அவர் உடனே தலையை ஆட்டினார். உடனே. அதைத்தான் நான் கவனித்தேன்.

"வேணாம் அண்ணி. சொல்லாதீங்க. ரமணிக்குப் பூ எடுத்ததும் அதே நாளு, அதே வீரம்மா. இது கெட்டுப்போச்சுன்னு தெரிஞ்சா அவ அதையும் நினைப்பா. பத்திரிகை அடிக்கக் குடுத்தாச்சு. வண்டி போகட்டும்."

முதல் தரம் யோசிக்காமல் கை தூக்கி வண்டியை வாங்கினவர், இரண்டாம் தரம் யோசிக்காமல் அதை விட்டுக்கொடுத்தார்.  காப்பி ஆறிவிட்டது, வேறு போட்டுக் கொண்டுவந்தேன். அவர் அந்த ஜெட்டைக் கைக்குட்டையில் சுற்றி பிஸ்கோத்து டின்னில் வைத்தார். குத்திச் சுத்தம் பண்ணவும் இல்லை, தூக்கிப் போடவும் இல்லை. வீட்டில் கேட்டதற்கு, தன் வேலையில்தான் ஏதோ தப்பு என்று சொல்லிவிட்டாராம். அவள் அதை நம்பவில்லை என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது. முப்பது வருஷத்தில் அவர் வேலையில் தப்பு வந்ததே இல்லை என்று அவளுக்குத் தெரியாதா.

ஆவணி முதல் ஞாயிறு கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தார்கள். மஞ்சள் குங்குமம், வெற்றிலை பாக்கு, பழம், எல்லாம் தட்டில் வைத்து முறையாகக் கொடுத்தாள். முதல் பத்திரிகை சாமிக்கு, இரண்டாவது எனக்கு. பழைய இரும்புக்காரன் மூன்று மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தான். சாப்பிட்டு முடித்ததும் புஷ்பவல்லி அஞ்சடிக்குப் போய்ச் சாமான்களைப் பார்த்தாள். பிஸ்கோத்து டின் நல்ல டின், கல்யாணத்துக்கு முறுக்கு போட்டு வைக்க ஆகும், அதை மட்டும் கொடுக்க வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே மூடியைத் திறந்து உள்ளிருந்ததைக் கொட்டினாள். கைக்குட்டை விழுந்தது. அவளே ஓரம் தைத்துக் கொடுத்த கைக்குட்டை.

பிரித்தாள். ஜெட்டை விரலில் எடுத்தாள். பார்த்தாள். மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தாள்.

தம்புசாமி கிணற்றடிப் பக்கம் கை கழுவப் போனவர் திரும்பி வந்து அப்படியே நின்றுவிட்டார். எங்கள் வீட்டுக்காரர் பேப்பரை முகத்துக்கு மேலே தூக்கிக்கொண்டார்.

"கழுவலையா?" என்றாள் புஷ்பவல்லி.

"பிரசாதம்" என்றார் அவர்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

அவர் தட்டில் இருந்த பத்திரிகையைப் பார்த்தார். அவளும் அதைப் பார்த்தாள். கெட்டிக்காரி, ஒரு வார்த்தை யாரும் சொல்ல வேண்டி இருக்கவில்லை. திண்டில் உட்கார்ந்துகொண்டாள். அவள் முகத்தில் ஒரு பயம் வந்ததை நான் பார்த்தேன், அவர் சொன்ன அதே பயம். கொஞ்ச நேரம் யோசித்தாள். என் தங்கை ஒரு விஷயத்துக்காக உட்கார்ந்து யோசித்து நான் பார்த்தது அந்த ஒரு தரம்தான்.

பிறகு தாலிக்கொடியில் கோத்திருந்த ஊக்கு ஒன்றை எடுத்தாள். ஜெட்டின் ஓட்டையில் விட்டுத் திருகினாள். மஞ்சள் பொடி உதிர்ந்தது. உதிர்ந்ததை உள்ளங்கையில் பிடித்து, நெற்றியில் கொஞ்சம் வைத்துக்கொண்டு, மிச்சத்தை அவர் நெற்றியிலும் வைத்தாள். உள்ளே இருந்த குட்டிக் குண்டை ஊக்கு நுனியால் தட்டிப் பார்த்தாள். அது போய் வந்தது.

"நாம கேட்டது எது நல்லதுன்னு. அம்மன் சொல்லிட்டா. மத்த மூணும் நல்லாத்தானே ஓடுச்சு. கழுவலாமா வேணாமான்னு நாம கேக்கவே இல்லையே."

"மண்ணெண்ணெயில எப்படிப் புஷ்பம்..." என்றார் தம்புசாமி.

"உங்கம்மா இருந்த தோட்டத்துல அம்மனுக்கு ஏத்துனதே மண்ணெண்ணெய் வெளக்குதான். அவளுக்கு அந்த வாசம் புதுசா?"

தம்புசாமி ஜெட்டைக் கையில் வாங்கிக்கொண்டார்.  பேப்பருக்குப் பின்னால் இருந்து எங்கள் வீட்டுக்காரர், அப்போ ஆணை என்னாகிறது, வண்டிதான் பாதியில் நின்றுவிட்டதே என்று கேட்டார். அந்த மனுஷர் எப்போதும் அப்படித்தான்.

புஷ்பவல்லி அதையும் யோசித்து வைத்திருந்தாள் போல.

"வண்டி நிக்கக்கூடாதுன்னு நான் சொல்லவே இல்ல அத்தான். அவர் பின்னால உக்காந்து கிள்ளானுக்கு வரணும்னேன். உக்காந்துதானே வந்தேன்? நீங்களே பார்த்தீங்க. தண்ணி குடிச்சேன். ஆனி முடியறதுக்குள்ள வந்தாச்சு. திரும்பிப் போறது எப்பன்னு அம்மன்கிட்ட தேதி குடுக்கல."

மூன்று மணிக்குப் பழைய இரும்புக்காரன் வந்துவிட்டான். வந்தவனை வெறுங்கையோடு அனுப்பக் கூடாதென்று எங்கள் ஓடாத ஃபிரிட்ஜை ஏற்றி அனுப்பினோம். அது உண்மையில் கொஞ்சம் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

ரமணி கல்யாணம் நல்லபடியாக நடந்தது. மாப்பிள்ளை வீட்டார் ஹாலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். பாலன் தங்கமான பையன். அவர்களுக்கு இரண்டு பிள்ளைகள், பெரியவள் இப்போது நர்ஸ்.

வண்டி அவர்கள் ஹாலை விட்டுப் போனது எங்கள் அஞ்சடிக்குத்தான். எட்டு மாதம் எங்கள் வீட்டுக்கு வந்தவர்கள் வண்டியைச் சுற்றி நின்று பேசினார்கள். மூன்றாவது பிஸ்டனுக்கு கார்த்திகேசு மறுபடி சிங்கப்பூருக்கு எழுதினார், பழைய ஃபைல் நம்பரைக் குறிப்பிட்டு. பிஸ்டன் வந்ததும் தம்புசாமி சனிக்கிழமை சனிக்கிழமை ரயிலில் வந்து வேலை செய்தார். எந்த ஜெட் போடுவது என்று யோசிக்கவில்லை. அதே நாலு. மண்ணெண்ணெயில் மூன்று தரம் கழுவி, பம்ப் அடித்து, வெளிச்சத்தில் பார்த்தார். மாட்டுவதற்கு முன்னால் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு, ஒற்றின இடத்தில் ஏதாவது ஒட்டியிருக்குமோ என்று நாலாம் தரமும் கழுவினார்.

தொண்ணூற்று நாலு மார்ச் மாதம் ஒரு ஞாயிறு காலை இஞ்சினைக் கிளப்பினார். புஷ்பவல்லி அன்று ரயிலில் வந்திருந்தாள், அதே பட்டுச் சேலையில். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு பின்னால் ஏறி உட்கார்ந்தாள். சத்தம் தெருக்கோடி வரைக்கும் கேட்டது. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. நான் சொம்பைக் கொண்டுபோய், கிளம்புறதுக்கு முன்னால ஒரு வாய் குடிச்சிட்டுப் போ என்று நீட்டினேன்.

"குடிச்சாச்சுக்கா, போன வருஷமே" என்று ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டாள்.